ஜாக்சன்வில் 1963: வெண்டல் ஸ்காட்டின் இரண்டு சுற்றுகள் எங்கே போயின?

செம்மண்தடம் எழுதியது:

அமெரிக்காவின் பழைய ஸ்டாக் கார் பந்தயங்கள் (சாதாரணக் காரின் வடிவில் அமைந்த பந்தயக் கார்களின் போட்டி) என்றாலே நம் பேச்சு டேடோனா, டார்லிங்டன் போன்ற பெரிய தடங்களில்தான் போய் நிற்கிறது. 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் நடந்ததற்குத் தனியாக ஓர் இழை வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இடம், புளோரிடாவின் ஸ்பீட்வே பார்க். அரை மைல் மண் தடம். 200 சுற்று, 100 மைல். இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நேஷனல் தொடரைச் சேர்ந்த பந்தயம். அக்காலத்தில் அடுத்த ஆண்டுக்கான தொடர் முந்தைய நவம்பரிலேயே தொடங்கிவிடும். ஆகவே பதிவேடுகளில் இதை 1964 தொடருக்குள் தேட வேண்டும்.

34ஆம் எண் ஷெவர்லேயில் வெண்டல் ஸ்காட். வர்ஜீனியா மாநிலத்து டான்வில்லைச் சேர்ந்த கறுப்பின ஓட்டுநர், அப்போது வயது 42. கார் 1962ஆம் ஆண்டு மாடல், சக ஓட்டுநர் நெட் ஜாரெட்டிடமிருந்து வாங்கியது. இன்னும் 25 சுற்றுகள் பாக்கி இருந்தபோது, கோளாறான வண்டியோடு போராடிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியை ஸ்காட் முந்தினார். அதன்பின் அவரை யாரும் பிடிக்கவில்லை. 200ஆம் சுற்றை முடித்துக் கோட்டைக் கடந்தார், பந்தயம் முடிந்தது என்று காட்டும் கொடி விழவில்லை. 201, அப்போதும் விழவில்லை. 202ஐயும் முடித்தார். அந்தக் கட்டம்போட்ட கொடி இன்னொரு ஓட்டுநரான பக் பேக்கருக்கு அசைக்கப்பட்டது. மேடைக்கு அழைக்கப்பட்டவரும் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டவரும் பேக்கர்தான்.

ஸ்காட் முறையிட்டார். சுற்றுகளை எழுதிவைத்த அட்டைகளை மறுபடி பார்த்தார்கள். சில மணி நேரம் சென்று, கூட்டமெல்லாம் கலைந்தபின், வென்றவர் ஸ்காட் என்று அறிவித்தார்கள். முதல் பரிசான 1,000 டாலர் அவருக்கு வந்தது. கோப்பையோ பேக்கரோடு ஊர் போய்விட்டது.

எண்ணியதில் பிழை நேர்ந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அதன்பிறகு நடந்த ஒவ்வொன்றையும் யாரோ முடிவெடுத்துத்தான் செய்திருக்கிறார்கள் என்பது என் வாதம். நண்பர்கள் சொல்லுங்கள்.

கணக்கன் எழுதியது:

நல்ல இழை, செம்மண்தடம். ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அக்காலச் சுற்றுக் கணக்கின் லட்சணம் தெரியாமல் இந்தப் பந்தயத்தைத் தீர்ப்பிடக் கூடாது.

1959 பிப்ரவரி 22, முதல் டேடோனா 500. லீ பெட்டி, ஜானி போஷாம்ப், இவர்களோடு ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த ஜோ வெதர்லி, மூவரும் தோளோடு தோளாகக் கோட்டைக் கடந்தார்கள். போஷாம்ப் வென்றதாக அறிவிப்பு வந்தது. வெற்றி மேடைக்கும் அவரே போனார். 61 மணி நேரம் கழித்துத் தீர்ப்பு லீ பெட்டிக்கு மாறியது.

அதே ஆண்டு ஜூனில் அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் இளைஞர் ரிச்சர்ட் பெட்டி தம் முதல் வெற்றியை எட்டிவிட்டதாகக் கொண்டாடினார். எதிர்ப்புத் தெரிவித்தவர் யார் தெரியுமா? அவருடைய தந்தை லீ பெட்டியே! அட்டைகளைச் சரிபார்த்து, தந்தைதான் வென்றார் என்று முடிவாயிற்று. மகன் முதல் வெற்றிக்கு 1960 வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்த இரண்டிலும் சம்பந்தப்பட்ட அனைவரும் வெள்ளையர்கள். எனவே கணக்கு குழம்பியது என்பதை மட்டும் வைத்து நிறவெறி என்று முடிவுகட்ட முடியாது.

இளம்பரிதி எழுதியது:

நான் இந்த விளையாட்டுக்குப் புதியவன். ஒரு சந்தேகம். அரை மைல் தடம் என்றால் முழுத் தடமும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும் அல்லவா? ஒரு சுற்று விட்டுப்போகலாம். முன்னணியில் ஓடுகிறவரின் இரண்டு சுற்றுகள் எப்படிக் காணாமற்போகும்? ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் இருந்திருக்க மாட்டாரா?

பழைய கராஜ் எழுதியது:

இருந்தார்கள், தம்பி. காருக்கு ஒருவர் வீதம் சுற்று எழுத ஆள் உட்காருவார். கையில் அட்டை, பென்சில். எதிரே எல்லாருக்கும் தெரியும்படி ஒரு கடிகாரம். தம்முடைய கார் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கட்டத்தில் எழுத வேண்டும். பெரும்பாலும் அந்தந்த அணிக்காரரின் மனைவியோ உறவினரோ நண்பரோதான் இந்த வேலையைச் செய்வார்கள். பந்தயம் முடிந்ததும் அட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, யார் எந்த நேரத்தில் எத்தனையாவது சுற்றை முடித்தார் என்று கணக்குப் பார்ப்பார்கள். அதுவே இறுதி ஆவணம்.

அரை மைலைச் சுற்ற ஏறக்குறைய அரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட கார்கள் உங்களைக் கடந்து போகும். மண் தடத்தில் நூறு சுற்றுக்கு மேல் ஓடியபின் எண்ணே தெரியாது. கதவில் எழுதியதைச் சேறும் புழுதியும் மூடியிருக்கும். முந்துகிறவரும் சுற்று பின்தங்கியவரும் ஒரே கும்பலாகத்தான் வருவார்கள். பென்சில் முனை உடைந்து, இன்னொன்றை எடுக்கக் குனிந்தால் ஒரு கட்டம் போயிற்று.

ஆகவே ஓர் அட்டையில் ஒரு சுற்று விடுபடுவது சாதாரணம். ஆனால் அதைச் சரிசெய்யவும் அந்த அட்டையே வழி வைத்திருக்கிறது. 28, 29, 28 நொடி என்று வந்துகொண்டிருந்த இடைவெளி திடீரென 57 நொடி ஆனால், நடுவில் ஒரு கோடு எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரியும். (இந்த எண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவை, ஜாக்சன்வில் அட்டையிலிருந்து எடுத்தவை அல்ல.) அட்டைகளைச் சரிபார்த்தபோது உண்மை வெளிவந்ததும் இதனால்தான். கணக்குமுறை முரட்டுத்தனமானது, குருட்டுத்தனமானது அல்ல.

செம்மண்தடம் எழுதியது:

பழைய கராஜ் அண்ணா, அருமையான விளக்கம்.

கணக்கன் அவர்களே, டேடோனா 1959ஐ நீங்களே கொண்டுவந்தது நல்லதாயிற்று. அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். அங்கே சந்தேகம் எழுந்தவுடன் நாஸ்காரின் தலைவர் பில் பிரான்ஸ் என்ன செய்தார்? முடிவு அதிகாரபூர்வமானது அல்ல என்றார். யாரிடம் புகைப்படம் இருந்தாலும் கொடுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். செய்திப்படச் சுருள்வரை தேடிப் பார்த்தார்கள். மூன்று நாள் பத்திரிகைகளில் அதுவே பேச்சு. இறுதியில் லீ பெட்டி முறைப்படி வெற்றியாளர் ஆனார், உலகம் அறிய. பிழை, விசாரணை, திருத்தம் எல்லாமே வெளிச்சத்தில் நடந்தன. புதிதாகத் திறந்த தடத்துக்கு அந்தத் தகராறு நல்ல விளம்பரமாகவும் அமைந்தது.

ஜாக்சன்வில்லில் திருத்தம் எப்படி நடந்தது? யாருமில்லாத மைதானத்தில். கோப்பையை பேக்கரிடமிருந்து வாங்கி ஸ்காட்டிடம் கொடுக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பேக்கர் அதே தொடரில் அடுத்தடுத்த வாரங்களில் ஓடப்போகிறவர், எங்கும் மறைந்துவிடவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஜார்ஜியாவின் சவானாவில் ஸ்காட்டின் கையில் கொடுத்தது ஒரு சிறு மரக்கட்டைக் கோப்பை. வென்றவர் பெயர்கூட அதில் பொறிக்கப்பட்டிருக்கவில்லை.

எண்ணுகிறவருக்கு அரை நிமிட அவகாசம்தான், பிழை வரும். கோப்பையைத் திருப்பிக் கொடுக்க எத்தனை ஆண்டுகள் இருந்தன! ஸ்காட் 1990 டிசம்பர் 23 அன்று இறந்தார். அதுவரை 27 ஆண்டுகள். அந்த 27 ஆண்டுகளையும் பென்சில் முனை உடைந்த கணக்கில் எழுத முடியாது.

டான்வில்வாசி எழுதியது:

நான் வேலை நிமித்தமாக வர்ஜீனியாவின் தெற்குப் பகுதியில் வசிக்கிறேன். டான்வில்லில் ஸ்காட் வாழ்ந்த வீட்டருகே மாநில அரசின் நினைவுப் பலகை நிற்கிறது. தெருவுக்கும் அவர் பெயரே. இங்கே வயதில் மூத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பந்தயத்தைவிட அவருடைய டாக்சியைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள்.

இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தின் வாகனப் பிரிவில் மெக்கானிக்காக ஐரோப்பாவில் பணியாற்றித் திரும்பியவர். ஊரில் டாக்சி ஓட்டினார், கார் பழுது பார்த்தார், இரவில் கள்ளச்சாராயம் ஏற்றிச் சென்றார். அந்த வட்டாரத்து ஓட்டுநர்கள் பலர் கை பழகியது இந்தத் தொழிலில்தான். 1949இல் ஒருமுறை பிடிபட்டார். 1952இல் டான்வில் பொருட்காட்சித் திடலில் பந்தயம் நடத்தியவர்கள் கூட்டம் சேர்க்க ஒரு கறுப்பின ஓட்டுநர் கிடைப்பாரா என்று தேடி, காவல் துறையிடமே விசாரித்தார்கள். காவலர்கள் சொன்ன பெயர் வெண்டல் ஸ்காட். துரத்திப் பார்த்தவர்களுக்குத்தானே வேகம் தெரியும்.

பிறகு வின்ஸ்டன்-சேலமில் நாஸ்கார் பந்தயத்துக்குக் காரை இழுத்துக்கொண்டு போனபோது, கறுப்பர்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ரிச்மண்டில் ஓர் அதிகாரி உரிமம் வழங்கிய பிறகே அவரால் நாஸ்காருக்குள் நுழைய முடிந்தது. 1959இல் வர்ஜீனியா மாநில ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவின் சாம்பியன். 1961 மார்ச் 4, தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் முதல் கிராண்ட் நேஷனல் பந்தயம். அதற்குப் பின்னும் டார்லிங்டன் தடத்தின் நிர்வாகம் பல ஆண்டுகள் அவரை உள்ளே விடவில்லை.

ஜாக்சன்வில்லைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. அந்த ஊரில்தான் 1960 ஆகஸ்ட் 27 அன்று, உணவு விடுதிகளில் சம உரிமை கேட்டு அறவழியில் உட்கார்ந்த கறுப்பின இளைஞர்களை வெள்ளையர் கும்பல் ஒன்று கோடரிக் காம்புகளாலும் பேஸ்பால் மட்டைகளாலும் அடித்து விரட்டியது. பந்தயம் நடந்தபோது பர்மிங்காம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கென்னடி சுடப்பட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பொது இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் 1964 ஜூலையில்தான் வந்தது. அந்த ஊரில், அந்த வாரத்தில், பார்வையாளர்கள் முன் ஒரு கறுப்பரை மேடையேற்றிக் கோப்பை தர வேண்டும் என்றால், பொறுப்பில் இருந்தவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்கன் எழுதியது:

டான்வில்வாசி சொன்ன பின்னணி கனமானது. அதை ஏற்கிறேன். செம்மண்தடம் டேடோனாவை எடுத்து என் வாதத்தையே திருப்பியதும் நியாயமே: 1959இல் திருத்தம் நடந்த விதமும் 1963இல் நடந்த விதமும் ஒன்றல்ல.

ஆனாலும் இணையத்தில் இந்தக் கதையை எழுதுகிறவர்கள் எல்லை தாண்டுகிறார்கள். வென்றவருக்கு மேடையில் அழகிப் பட்டம் பெற்ற பெண் முத்தம் கொடுப்பது அன்றைய வழக்கம். கறுப்பர் ஒருவரை வெள்ளைப் பெண் முத்தமிடும் காட்சியைத் தவிர்க்கவே கொடியைத் தாமதித்தார்கள் என்று நிரூபணமான செய்தி போல எழுதுகிறார்கள். அது ஸ்காட்டின் நம்பிக்கை, அவர் குடும்பத்தாரின் நம்பிக்கை. நாஸ்கார் சொன்னது கணக்குப் பிழை என்பதுதான். நடுவர் ஒருவர் வாயிலிருந்து வந்த ஒப்புதல் எதுவும் இல்லை. வலுவான ஊகத்தை ஊகம் என்றே எழுதினால் ஸ்காட்டுக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது.

இன்னொன்று. நாஸ்காரின் முதல் கறுப்பின ஓட்டுநர் என்று அவரைப் பலர் எழுதுகிறார்கள். உச்சப் பிரிவில் எலியாஸ் போவி 1955இலேயே கலிபோர்னியாவின் பே மெடோஸ் தடத்தில் ஓடியிருக்கிறார். 1956இல் டேடோனா கடற்கரைப் பந்தயத்தில் சார்லி ஸ்காட் ஓடினார். இவர் வெண்டலுக்கு உறவினர் அல்ல. உச்சப் பிரிவில் வென்ற முதல் கறுப்பின ஓட்டுநர் என்று எழுதினால் துல்லியமாக இருக்கும்.

செம்மண்தடம் எழுதியது:

முத்தக் கதையில் உங்களோடு உடன்படுகிறேன். என் முதல் பதிவில் அதை எழுதாமல் விட்டதும் அதனால்தான். கொடியசைத்தவரின் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க நமக்கு வழியில்லை. கோப்பை கொடுக்காதது நெஞ்சுக்குள் நடந்ததல்ல, எல்லாருக்கும் தெரிந்து நடந்தது. அங்கே நின்று வாதாடினால் போதும்.

2010இல் ஜாக்சன்வில்லின் உள்ளூர் பந்தய ஆர்வலர்கள் முன்வந்து குடும்பத்துக்கு ஒரு கோப்பை வழங்கினார்கள். 2015இல் நாஸ்கார் அவரைத் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்தது. நாஸ்கார் தன் கையால் கோப்பை கொடுத்தது 2021 ஆகஸ்ட் 28 அன்று, டேடோனாவில். அவருடைய நூறாவது பிறந்த நாளுக்கு முந்தைய நாள் அது. பந்தயம் நடந்து ஏறக்குறைய 58 ஆண்டுகள். உள்ளூர்க்காரர்களால் 2010இல் முடிந்த காரியம் அமைப்புக்கு மேலும் பதினோரு ஆண்டுகள் எடுத்தது என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

வேகமானி எழுதியது:

இத்தனை பதிவுகளுக்குப் பிறகும் அவர் எப்படி ஓட்டினார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே! எனக்கு இதுதான் வருத்தம். ஸ்காட் என்றாலே பறிபோன கோப்பை என்றாகிவிட்டது. அவர் ஓர் ஓட்டுநர், ஐயா. நல்ல ஓட்டுநர்.

உச்சப் பிரிவில் 495 பந்தயங்கள். முதல் ஐந்து இடங்களுக்குள் 20 முறை, முதல் பத்துக்குள் 147 முறை. 1962இல் சவானாவில் ஒரு போல் பொசிஷன், அதாவது தொடக்க வரிசையில் முதல் இடம். 1966இல் ஆண்டு முழுப் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். 1967இல் பத்தாம் இடம், 1968, 1969 இரண்டிலும் ஒன்பதாம் இடம். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதல் பத்துக்குள்! தொழிற்சாலை உதவியோடு ஓடிய பலருக்கே இது வாய்க்கவில்லை. இவரோ தாமே ஓட்டுநர், தாமே மெக்கானிக், தாமே உரிமையாளர். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் பிட்டில் நின்றவர்கள் பெரும்பாலும் அவருடைய பிள்ளைகள்.

ஜாக்சன்வில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மண் தடத்தில் நெடும்பந்தயம் என்பது வண்டியைக் காப்பாற்றும் கலை. வளைவில் பள்ளம் விழும், அதில் ஒவ்வொரு சுற்றும் ஸ்டீயரிங்கும் ஸ்பிரிங்கும் அடிவாங்கும். வேகமானவர் முந்துவார், 150ஆம் சுற்றுக்குப் பிறகு வண்டி அவரைக் கைவிடும். கையில் மாற்று உதிரிபாகம் இல்லாதவர், உடைந்தால் அடுத்த வாரப் பந்தயமே இல்லை என்று தெரிந்தவர், எந்தப் பள்ளத்தில் காலை எடுக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஓட்டுவார். வறுமை ஸ்காட்டுக்குக் கற்றுக்கொடுத்த அந்தப் பதமான ஓட்டம் அன்று ரிச்சர்ட் பெட்டியின் வேகத்தைத் தாண்டி நின்றது. பெட்டிக்குக் கோளாறு வந்தது அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பேரும் ஓடியது ஒரே பள்ளத்தில்தான்.

இளம்பரிதி எழுதியது:

வேகமானி அண்ணா, பதிவைப் படித்ததும் பெருமூச்சு வந்தது. அப்படியானால் இத்தனை திறமைக்கும் ஏன் ஒரே ஒரு வெற்றி? இரண்டாவது வெற்றி ஏன் வரவே இல்லை?

பழைய கராஜ் எழுதியது:

பணம், தம்பி.

ஜாக்சன்வில்லுக்குப் பிறகு மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1964 பிப்ரவரியில் டேடோனா 500. அதே ரிச்சர்ட் பெட்டி, கிரைஸ்லர் நிறுவனம் புதிதாகக் கொடுத்த 426 கன அங்குல ஹெமி என்ற சக்திவாய்ந்த என்ஜினோடு பிளிமத் காரில் வந்தார். 200 சுற்றில் 184 சுற்று முன்னணி. மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த வகை என்ஜின் கடையில் வாங்கிப் பூட்டுவது அல்ல. நிறுவனம் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுப்பது. மண் தடங்கள் ஒன்றொன்றாக மூடப்பட்டு, பந்தயங்கள் தார் போட்ட பெரிய தடங்களுக்கு நகர நகர, பதமாக ஓட்டுகிறவருக்கு இருந்த வாய்ப்புச் சுருங்கி, குதிரைத்திறன் வைத்திருப்பவரின் கை ஓங்கியது. ஸ்காட் மற்ற அணிகள் கழற்றிப் போட்ட டயர்களை வாங்கிப் பூட்டிக்கொண்டு இவர்களோடு ஓடினார்.

அக்காலத்தில் ஒரு வெற்றி என்பது அடுத்த ஆண்டுக்கான மூலதனம். கோப்பையோடு எடுத்த படம் திங்கட்கிழமை பத்திரிகையில் வரும். அதை எடுத்துக்கொண்டு டயர் நிறுவனத்தையோ கார் விற்பனையாளரையோ போய்ப் பார்க்கலாம். ஜாக்சன்வில் மேடையில் எடுத்த படத்தில் இருந்தவர் பேக்கர். செம்மண்தடம் சொல்கிற தவறின் கனம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. 1,000 டாலரைக் கொடுத்துவிட்டார்கள், சரி. அந்தப் படத்தால் வந்திருக்கக்கூடிய காசை யாரும் கொடுக்கவில்லை.

கடைசியில் அவரே கடன்பட்டுப் போட்டிக்குத் தகுந்த ஒரு மெர்குரி காரைத் தயார் செய்தார். 1973 மே 6, அலபாமாவின் டாலடேகா தடம். பந்தயம் தொடங்கிச் சில சுற்றுகளிலேயே, பெரிய தடத்தில் ஒரு கார் என்ஜின் வெடித்துச் சிந்திய எண்ணெயில் வழுக்கி இருபது கார்கள் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று மோதின. மெர்குரி நொறுங்கிப்போனது. ஸ்காட்டுக்கு விலா, இடுப்பு, கால் எல்லாம் முறிவு. அந்தக் காருக்கு வாங்கிய கடன் மட்டும் மிஞ்சியது.

உச்சப் பிரிவில் இன்னொரு கறுப்பின ஓட்டுநர் வெல்ல 2021 அக்டோபர் 4 வரை ஆயிற்று. பப்பா வாலஸ், அதே டாலடேகாவில்.

வேகமானி எழுதியது:

டாலடேகாவோடு அவர் கதை முடிந்துவிட்டதாகப் பலரும் எழுதுகிறார்கள், அதனால் ஒரு சேர்க்கை. அந்த விபத்து நடந்து ஐந்து மாதத்தில், 1973 அக்டோபரில், சார்லட் தடத்தில் 500 மைல் பந்தயத்தில் மறுபடி இறங்கினார். வயது 52. அதுதான் உச்சப் பிரிவில் அவர் ஓடிய கடைசிப் பந்தயம். பன்னிரண்டாம் இடத்தில் முடித்தார்.